எழுந்து நடக்க எத்தனை அடி?

பக்கவாதம் வந்தவரின் கட்டிலைச் சுற்றி நிற்கும் குடும்பம் முதல் நாள் கேட்பது, "உயிருக்கு ஒண்ணும் ஆபத்தில்லையே டாக்டர்?" அந்தக் கண்டம் தாண்டியதும் கேட்பது ஒன்றே ஒன்று: "எப்போ நடப்பார்?" பேச்சு எப்போது தெளியும், கை எப்போது எழும் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நடந்துவிட்டால் கழிப்பறைக்குத் தானே போய்வரலாம். மனிதரின் மானத்தில் பாதி அந்தப் பத்தடி தூரத்தில்தான் இருக்கிறது.

இந்தக் கேள்விக்கு முன்பெல்லாம் 'பார்க்கலாம்' என்பதைத் தாண்டிப் பதில் வராது. இப்போது கொஞ்சம் துணிந்து சொல்ல முடிகிறது. நெதர்லாந்தில் நடந்து 2011-ல் வெளியான ஓர் ஆய்வு, நடக்க முடியாத நிலையில் இருந்த 154 பேரிடம் இரண்டே விஷயங்களைக் கவனித்தது. பக்கவாதம் தாக்கிய 72 மணி நேரத்துக்குள், பிடிமானம் இல்லாமல் 30 விநாடி உட்கார முடிகிறதா? விழுந்துபோன காலின் தசைகளில் கொஞ்சமாவது உயிர் தெரிகிறதா? இரண்டும் இருந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் யார் துணையும் இல்லாமல் நடக்க 98 சதவீத வாய்ப்பு இருந்தது. இரண்டும் இல்லாதவர்களுக்கு 27 சதவீதம். ஒன்பதாம் நாளும் நிலைமை மாறாவிட்டால் 10 சதவீதம். ஸ்கேன் எதுவும் தேவைப்படாத சோதனை இது. கட்டில் விளிம்பில் உட்காரவைத்து, ஒரு கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்த்தால் போதும்.

98 சதவீதம் என்று கேட்டதும் சும்மா இருந்துவிடக் கூடாது. இந்த எண்கள், தொடர்ந்து பயிற்சி பெற்றவர்களிடம் கண்டவை. பயிற்சியே இல்லாமல் படுத்திருப்பவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

காலில் கோளாறு இல்லை

நம் வீடுகளில் காலுக்குத்தான் எல்லா வைத்தியமும் நடக்கிறது. எண்ணெய் போட்டு நீவுகிறோம், ஒத்தடம் கொடுக்கிறோம், சில ஊர்களில் புறா ரத்தம்கூடத் தடவுகிறார்கள். ஆனால் அந்தக் காலின் எலும்பும் தசையும் அதற்குள் ஓடும் நரம்பும் நேற்றுவரை இருந்தபடியேதான் இருக்கின்றன. அடிபட்டது மூளை. ரத்தக் குழாயில் அடைப்போ கசிவோ ஏற்பட்டு, மூளையின் மேற்பரப்பிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்பிழைகள் அறுபட்டுவிட்டன. உத்தரவு வராததால் கால் கிடக்கிறது. முதல் நாட்களில் துவண்டு கிடக்கும். சில வாரங்களில் பெரும்பாலானோருக்கு அதே கால் விறைக்கத் தொடங்கும்.

நடக்க ஆரம்பித்தவரைக் கவனித்தால் இது புரியும். பாதத்தின் முன்பகுதி தூக்க வராமல் தொங்கும், விரல்கள் தரையில் உரசும். முட்டி மடங்காததால் காலை இடுப்பிலிருந்து அரைவட்டமாக வீசிக் கொண்டுவருவார். ஊன்றும்போது முட்டி பின்பக்கமாக வளையும். உடம்பின் பாரம் முழுவதும் நல்ல காலில்தான் இருக்கும். நம் தெருக்களில் இந்த நடையைப் பார்க்காதவர் இருக்க முடியாது.

கை வராமலே போனவர்களில்கூடப் பலர் நடந்துவிடுகிறார்கள். "கை வராட்டியும் கால் வந்துரும்" என்று பிசியோதெரபிஸ்ட்கள் சொல்வது வெறும் ஆறுதலுக்காக இல்லை. பக்கவாதம் அதிகம் தாக்கும் நடுப் பெருமூளைத் தமனி, மூளையில் கைக்கும் முகத்துக்குமான பகுதிகளுக்கு ரத்தம் கொண்டுபோவது. காலுக்கான பகுதி மூளையின் உட்பக்கச் சுவரில் இருக்கிறது. அதற்கு ரத்தம் கொடுப்பது வேறு குழாய். தவிர, சட்டைப் பொத்தான் போடுவதுபோல நடை முழுக்க முழுக்க மூளையின் மேற்பரப்பை நம்பி நடப்பதில்லை. மாறி மாறிக் கால் எடுத்துவைக்கும் தாளத்தில் தண்டுவடத்துக்கும் மூளைத்தண்டுக்கும் பெரும் பங்கு உண்டு. அந்த இரண்டுக்கும் மூளையின் இரு பக்கங்களிலிருந்தும் உத்தரவு வந்துசேர வழி இருக்கிறது.

செத்த நரம்பணுக்கள் திரும்ப வருவதில்லை. பிழைத்திருப்பவை புதிய இணைப்புகள் போட்டுக்கொண்டு, போனவற்றின் வேலையையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் செய்கின்றன. எந்த வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறோமோ, அதற்கான இணைப்புகள்தான் கெட்டிப்படும். படுத்த நிலையில் வேறொருவர் காலை மடக்கி நீட்டினால் மூட்டு இறுகாமல் இருக்கும், அவசியம்தான். நடை அதில் வராது. நடை வர, நடக்க வேண்டும்.

தவழ்ந்த பேராசிரியர்

இதை உலகம் நம்புவதற்கு முன்பே ஒரு குடும்பம் செய்து பார்த்தது. பெட்ரோ பாக்-ஒய்-ரீட்டா, ஸ்பெயினின் கேட்டலோனியாவிலிருந்து வந்த கவிஞர். நியூயார்க் சிட்டி காலேஜில் பேராசிரியர். 1959-ல் வந்த பக்கவாதம் அவர் உடம்பின் ஒரு பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோனது. நான்கு வாரம் பயிற்சி கொடுத்துப் பார்த்துவிட்டு, இனி பராமரிப்பு இல்லம்தான் என்ற முடிவுக்கு மருத்துவர்கள் வந்தார்கள். மெக்சிகோவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த இளைய மகன் ஜார்ஜ், அப்பாவைத் தன்னோடு அழைத்துப் போனார். மறுவாழ்வு மருத்துவம் பற்றி அவருக்கு அப்போது ஒன்றும் தெரியாது. தெரியாமல் இருந்ததே நல்லதாயிற்று என்று எனக்குத் தோன்றுகிறது. தெரிந்திருந்தால் அவரும் நான்கு வாரத்தில் கைவிட்டிருப்பார்.

குழந்தை எப்படி நடக்கக் கற்கிறதோ அப்படியே தொடங்கலாம் என்று, பேராசிரியரைத் தரையில் இறக்கித் தவழவிட்டார் ஜார்ஜ். பலவீனமான தோளுக்குச் சுவர்தான் துணை. அக்கம்பக்கத்தார் முகம் சுளித்தார்கள். மாதக்கணக்கில் தவழல், தரையில் கோலி விளையாட்டு, அப்புறம் மண்டியிடல், பிறகு நிற்றல், கடைசியாக நடை. செயலிழந்த கைக்குப் பாத்திரம் கழுவும் வேலை. பேராசிரியர் மறுபடி கல்லூரிக்குப் போய்ப் பாடம் நடத்தினார். ஓய்வுபெற்ற பிறகு கொலம்பியாவின் மலைகளில் நண்பர்களோடு நடக்கப் போன இடத்தில் மாரடைப்பில் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் எல்லோரும் திகைத்தார்கள். மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் இழைகளில் பெரும்பகுதி அழிந்தது அழிந்தபடியே இருந்தது. மிச்சமிருந்த கொஞ்சத்தை வைத்துக்கொண்டுதான் அவர் மலை ஏறியிருக்கிறார். மூத்த மகன் பால் பாக்-ஒய்-ரீட்டா, மூளை தன்னை மாற்றியமைத்துக்கொள்ளும் திறன் பற்றிய ஆராய்ச்சியில் முன்னோடியாக அறியப்பட்டவர்.

ஒருவருக்கு நடந்தது எல்லோருக்கும் நடக்கும் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் இதில் பார்ப்பது, அந்த வீட்டில் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் பயிற்சி நடந்திருக்கும் என்பதை.

முந்நூற்றுச் சொச்சம் அடிகள்

2009-ல் வெளியான ஒரு வட அமெரிக்க ஆய்வில், பக்கவாத மறுவாழ்வுப் பயிற்சிகள் 312-ஐ ஓரமாக உட்கார்ந்து எண்ணினார்கள். நடைப் பயிற்சி கொடுக்கப்பட்ட வேளைகளில் நோயாளி எடுத்துவைத்த அடிகள் சராசரியாக 357. மூளையின் இணைப்புகள் மாறுவதைக் காட்டிய விலங்குச் சோதனைகளில் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் திரும்பச் செய்தல் இருந்தது. வசதி மிகுந்த நாட்டிலேயே அளவு இவ்வளவு குறைவு என்றால், வாரத்துக்கு இரண்டு நாள் அரை மணி நேரம் பிசியோதெரபிஸ்ட் வந்துபோகும் நம் வீட்டில் கணக்கு என்னவாக இருக்கும்? அவர் வரும் அரை மணிதான் சிகிச்சை என்று நாம் நினைக்கிறோம். அந்த அரை மணியில் அவர் பாடம்தான் சொல்லிக்கொடுக்கிறார். பாட்டு வாத்தியார் போன பிறகு சாதகம் பண்ணாத பிள்ளைக்கு ஸ்வரம் நிற்குமா?

காலமும் முக்கியம். டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் 804 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 1995-ல் வெளியிட்ட ஆய்வில், நடை திரும்பியவர்களில் 95 சதவீதம் பேர் தங்கள் உச்ச நிலையை முதல் 11 வாரங்களுக்குள் எட்டியிருந்தார்கள். அந்த 11 வாரங்களில் நம்மவர் எங்கே இருக்கிறார்? கூடத்தில் போட்ட கட்டிலில். சாத்துக்குடியும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு உறவுக்காரர்கள் வந்து போகிறார்கள். "சிரமப்படாதீங்க மாமா, படுங்க" என்கிறார்கள். பாசம்தான். அந்தப் பாசம் அவருடைய பொன்னான வாரங்களைத் தின்றுவிடுகிறது.

அவசரப்பட்டு முதல் நாளே தரதரவென்று நடத்தவும் கூடாது. ஐந்து நாடுகளில் 2,104 பேரிடம் நடந்து 2015-ல் 'லான்செட்'டில் வந்த அவெர்ட் ஆய்வு, பக்கவாதம் தாக்கிய 24 மணி நேரத்துக்குள் எழுப்பி அதிக நேரம் பயிற்சி கொடுப்பதைச் சோதித்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 50 சதவீதம் பேர் நல்ல நிலையில் இருந்தார்கள். அவசரப்பட்ட குழுவில் 46 சதவீதம். முதல் நாள் மருத்துவர் சொல்வதைக் கேட்பதே சரி. அதன் பிறகு, சிறிது சிறிதாக, பல முறை.

வீட்டில் என்ன நடக்க வேண்டும்

முதலில் உட்காருதல். கட்டில் விளிம்பில், இரண்டு பாதமும் தரையில் பதிய, சாய்மானம் இல்லாமல். அது நிலைத்ததும் எட்டி எடுக்கும்படி முன்னாலும் பக்கவாட்டிலும் பொருள்களை வைக்கலாம். நடக்கிறவரின் முதுகும் இடுப்பும் நிலையாக நிற்பது இங்கேதான் ஆரம்பிக்கிறது. கூடவே, மல்லாந்து படுத்து முட்டிகளை மடக்கி இடுப்பைத் தூக்குவது.

அடுத்தது உட்கார்ந்து எழுதல். என் கணக்கில் வீட்டில் செய்யக்கூடிய பயிற்சிகளில் இதற்கு இணை இல்லை. இடமோ கருவியோ கேட்காது. உயரமான நாற்காலியில் தொடங்கி, பலம் கூடக் கூட உயரத்தைக் குறைக்க வேண்டும். பாதிக்கப்பட்ட பாதம் சற்றே பின்னால் இருக்கட்டும், அப்போதுதான் எழும்போது பாரம் அதன் மேல் விழும். விட்டுவிட்டால் நல்ல காலே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும், மற்றது சோம்பிக் கிடக்கும். டி.வி. தொடரில் விளம்பரம் வரும்போதெல்லாம் ஐந்து தடவை எழுந்து உட்கார்ந்தாலே, ஒரு மாலைக்குள் எண்ணிக்கை ஐம்பதைத் தொடும்.

பிறகு நின்றபடி பாரத்தை இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாற்றுதல், ஓரடி முன்னே வைத்தல், பக்கவாட்டில் நடத்தல், தரையில் கிடக்கும் பொருளைத் தாண்டுதல். ஊன்றுகோல் நல்ல கையில். துணைக்கு நிற்பவர் பாதிக்கப்பட்ட பக்கத்தில், அரையடி பின்னே. மாடி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது பாதிக்கப்பட்ட கால் முதலில்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தூக்கி நிறுத்துவதற்காக விழுந்துபோன கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தோள்பட்டையைத் தாங்கும் தசைகள் தளர்ந்திருப்பதால் மூட்டு இறங்கிவிடும். அந்த வலி மாதக்கணக்கில் நிற்கும், நடைப் பயிற்சியும் நின்றுபோகும். இடுப்பில் அகலமான பெல்ட் ஒன்றைக் கட்டி அதைப் பிடித்துக்கொள்வதே முறை.

நம் வீடுகளின் அமைப்பு வேறு இடைஞ்சல். நிலைப்படி, ஈரமான குளியலறை, வழுக்கும் டைல்ஸ், சுருண்டு கிடக்கும் மிதியடி. தரையில் உட்காரும் கழிப்பறையை மாற்ற முடியாத வீட்டில் கமோடு நாற்காலி வாங்கிவிடலாம். லுங்கி தடுக்கும், வீட்டுக்குள் பேன்ட் போட்டுக்கொள்ள வெட்கப்பட வேண்டியதில்லை. ஹவாய் செருப்பு தொங்கும் பாதத்தில் நிற்காது. பின்பக்கம் வார் உள்ள செருப்பு அல்லது ஷூ வேண்டும். பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் ஸ்பிளின்ட்டைச் சிலர் 'ஊனத்தை ஊருக்குக் காட்டுவது' என்று மூலையில் போட்டுவிடுகிறார்கள். அதைப் போட்டுக்கொண்டு ஐந்நூறு அடி நடப்பவர், போடாமல் ஐம்பது அடி நடப்பவரைவிட மேல்.

மெதுவாக நடந்தால் போதும் என்ற எண்ணமும் மாறிவருகிறது. அமெரிக்காவில் 2023-ல் வந்த ஓர் ஆய்வில், பக்கவாதம் வந்து ஆறு மாதத்திலிருந்து ஐந்து வருடம்வரை ஆனவர்களை, இதயத் துடிப்பு நன்கு ஏறும்படி விட்டு விட்டு வேகமாக நடக்கவைத்தார்கள். 12 வாரத்தில், ஆறு நிமிடத்தில் அவர்கள் கடந்த தூரம் சராசரியாக 70 மீட்டர் அளவுக்குக் கூடியது. மிதமாக நடந்தவர்கள் பெற்ற முன்னேற்றம் அதில் பாதிகூட இல்லை. 55 பேர் மட்டுமே பங்கேற்ற சின்ன ஆய்வுதான். ஆனாலும் 'வருஷம் ஆயிடுச்சு, இனிமே என்ன' என்று கைகழுவுவதற்கு இது பதில். அடிகளையும் நாடித் துடிப்பையும் கைக்கடிகாரக் கருவியில் பார்த்தபடி பயிற்சியின் அளவைக் கூட்டிய கனடா மருத்துவமனைகளிலும் பலன் தெரிந்தது. 2025-ல் வெளியான அந்த ஆய்வில், வழக்கமான பயிற்சி பெற்றவர்களைவிட இவர்கள் ஆறு நிமிடத்தில் 40 மீட்டருக்கும் மேல் கூடுதலாக நடந்தார்கள். ரத்த அழுத்தமும் இதயமும் இடம் கொடுக்குமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டுதான் இந்த வேகத்துக்குப் போக வேண்டும்.

சரி, எண்ணெய்? இதமாகத் தேய்ப்பதால் கெடுதல் இல்லை. தேய்த்துக்கொண்டிருக்கும் ஒரு மணி நேரத்தில் நோயாளி எதுவும் செய்யாமல் படுத்திருக்கிறார் என்பதுதான் அதில் குறை. ரப்பர் பந்தைக் கையில் திணித்து அமுக்கச் சொல்வதும் அப்படியே. ஏற்கெனவே மடங்கி இறுகும் விரல்களுக்கு இன்னும் மடக்கச் சொல்லித்தருவானேன்? புறா ரத்தத்தைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, புறாவை விட்டுவிடலாம்.

இயந்திரமா, குடும்பமா?

பெரிய நகரத்து மருத்துவமனைகளின் விளம்பரங்களில் இப்போது ரோபோ நடைப் பயிற்சி வருகிறது. 'காசு இருந்திருந்தா அப்பாவை நடக்க வச்சிருக்கலாம்' என்று மகன்கள் குமைகிறார்கள். அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஆய்வு லீப்ஸ். அமெரிக்காவில் 408 பேர். ஒரு பகுதியினருக்கு, உடல் எடையைப் பட்டைகளால் தாங்கியபடி டிரெட்மில்லில் நடக்கும் பயிற்சி. மற்றவர்களுக்கு, பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து பலத்துக்கும் சமநிலைக்கும் கொடுத்த படிப்படியான பயிற்சி. ஒரு வருடம் கழித்து மொத்தத்தில் 52 சதவீதம் பேருக்கு நடை முன்னேறியிருந்தது. இரண்டு வழிகளுக்கும் இடையே வித்தியாசமே இல்லை. 2011-ல் இது வெளிவந்தபோது டிரெட்மில் ஆர்வலர்கள் பலருக்கு ஏமாற்றம். டிரெட்மில் கெட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. நிற்கவே முடியாதவருக்குத் தொட்டில்போல் தாங்கும் கருவிகள் உதவலாம். ஆனால் கூடத்தில், ஒரு நாற்காலியையும் சுவரையும் வைத்துக்கொண்டு, தெரிந்த ஒருவர் கொடுத்த பயிற்சி அதற்குச் சளைக்கவில்லை.

அப்படியானால் பயிற்சியைக் குடும்பத்திடமே கொடுத்துவிடலாமே? அதையும் சோதித்தாயிற்று, நம் நாட்டிலேயே. லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஜெயராஜ் பாண்டியன் உள்ளிட்டோர் முன்னின்று 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளிடம் நடத்திய அட்டெண்ட் ஆய்வு 2017-ல் 'லான்செட்'டில் வந்தது. வீட்டில் ஒருவருக்கு மருத்துவமனையில் சுமார் மூன்று நாள், தினம் ஒரு மணி நேரம் வரை பயிற்றுவித்தார்கள்; பிறகு இரண்டு மாதத்தில் ஆறு முறை வரை வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். ஆறு மாத முடிவில் இறந்தவர்கள் அல்லது பிறரைச் சார்ந்து கிடந்தவர்கள் இந்தக் குழுவில் 47 சதவீதம். வழக்கமான கவனிப்பில் இருந்த குழுவிலும் அதே 47 சதவீதம்.

நம்மூரில் 'வீட்டு மனுஷங்க பார்த்துக்குவாங்க' என்று சொல்லி ஒதுங்குபவர்கள் இந்த எண்ணை மறக்கக் கூடாது. குடும்பம் கைகொடுக்கலாம். பயிற்சியை எப்போது கூட்டுவது, முட்டி ஏன் பின்னால் வளைகிறது, இறுக்கம் ஏறுகிறதா, ஸ்பிளின்ட் சரியா என்றெல்லாம் பார்ப்பதற்குப் படித்தவர் வேண்டும். இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் படித்தால் எனக்குக் கிடைக்கும் முடிவு இதுதான்: விலையுயர்ந்த இயந்திரம் இல்லாமல் சமாளிக்கலாம், பிசியோதெரபிஸ்ட் இல்லாமல் முடியாது.

பத்து மீட்டர் கணக்கு

'நடக்கிறாரா' என்று கேட்பதைவிட 'எவ்வளவு வேகத்தில்' என்று கேட்பது பயன் தரும். கலிஃபோர்னியாவில் நடையை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்ட மருத்துவர் ஜாக்குலின் பெரி, 1995-ல் ஒரு வரையறை கொடுத்தார். விநாடிக்கு 0.4 மீட்டருக்குக் கீழே இருந்தால் நடை வீட்டோடு சரி. 0.4-லிருந்து 0.8 வரை, வெளியே ஓரளவு. அதற்கு மேலே என்றால் தயங்காமல் ஊர் சுற்றலாம். தாழ்வாரத்தில் பத்து மீட்டர் அளந்து கோடு போட்டுக்கொள்ளுங்கள். 25 விநாடிக்கு மேல் ஆனால் முதல் வகை. 12 விநாடிக்குள் முடித்தால் கடைசி வகை. மாதம் ஒரு முறை காலண்டரில் குறித்துவைக்கலாம். நாளுக்கு நாள் பார்க்கும் கண்ணுக்குத் தெரியாத முன்னேற்றம் அந்தக் குறிப்பில் தெரியும். மனச்சோர்வு பிடித்து 'எனக்கெதுக்கு இனிமே' என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பவருக்கு (பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இந்தச் சோர்வில் விழுகிறார்) அதைக் காட்டலாம். சோர்வு நீடித்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அதற்கும் சிகிச்சை உண்டு. ரத்த அழுத்த மாத்திரையை 'நடக்க ஆரம்பிச்சாச்சே' என்று நிறுத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம். இன்னொரு தாக்குதல் வந்தால் சேர்த்ததெல்லாம் போகும்.

மறுவாழ்வு மருத்துவம் தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. 1954-ல் வேலூர் அருகே நடந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவைச் சிகிச்சை செய்தவர். நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கிடம் பயின்று திரும்பி, வேலூர் சி.எம்.சி.யில் இந்தத் துறையைக் கட்டியெழுப்பினார். அங்கே மறுவாழ்வு நிலையம் 1966-ல் திறக்கப்பட்டது. சென்னை கே.கே. நகரில் அரசின் மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இயன்முறை மருத்துவர்கள் வீடு தேடி வருகிறார்கள். கட்டில் கிடக்கும் வீட்டுக்கே பயிற்சி போக வேண்டும் என்பதை ஓர் அரசு ஒப்புக்கொண்டதே பெரிய விஷயம்.

அடுத்து வேண்டியது அளவு. நடை திரும்பும் முதல் 11 வாரங்களில் அந்த வருகை அடிக்கடி இருக்க வேண்டும். அதற்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இயன்முறை மருத்துவர்களின் எண்ணிக்கை கூட வேண்டும். மருத்துவமனைகள் தரும் டிஸ்சார்ஜ் சம்மரியில் மாத்திரைப் பட்டியலுக்குப் பக்கத்தில் நடைப் பயிற்சித் திட்டமும் எழுதப்பட வேண்டும். அது வழக்கத்துக்கு வரும்வரை, வாசகர்களே, உங்கள் வீட்டில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு கிளம்பும் நாளில் நீங்களே கேளுங்கள்: நாளை முதல் இவருக்கு யார் பயிற்சி கொடுப்பார்கள், தினம் எவ்வளவு, அடுத்து எப்போது வந்து பார்ப்பார்கள்? மூன்றுக்கும் பதில் எழுத்தில் வாங்கிக்கொண்டு வண்டி ஏறுங்கள்.